கோபாலபுரம் தாண்டி ஒரு பட்டறை: மாடல் ஏ இன்ஜினுக்கு முழு மார்க், கியர் பாக்ஸுக்குப் பாதி

நேரமில்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் பழைய நாலு சிலிண்டர் ஃபோர்டு இருந்து, அதன் இன்ஜினை அடியோடு பிரித்துக் கட்ட வேண்டுமென்றால் இந்தப் பட்டறைக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். கியர் பாக்ஸ் வேலை என்றால் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள், முடிந்தால் கூடவே நின்று பாருங்கள். பையன் கல்யாண ஊர்வலத்துக்கு வண்டி வேண்டும், முகூர்த்தத் தேதி குறித்தாயிற்று என்பவர்கள் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்.

இடம் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற ரோட்டில், கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டி, தென்னந்தோப்புக்குள் இறங்கும் ஒரு மண் பாதையில் இருக்கிறது. போர்டு கிடையாது, மேப்பிலும் கிடையாது. தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருப்பவரிடம் கேட்டால் "பழைய வண்டி ஆசானா?" என்று அவரே வழி சொல்வார். பெயரும் நம்பரும் போட வேண்டாம் என்று ஆசானே சொல்லிவிட்டார், இருக்கிற வேலையே முடியவில்லையாம். தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற ஊர். ஆசான் சாதாரணமாகத் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் மலையாளத்துக்குப் போய்விடுவார், அவர் எந்த மொழியில் பேசுகிறார் என்பதை வைத்தே அன்றைக்கு வேலை எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அன்றாடப் பிழைப்பு டிராக்டர், பழைய ஜீப், அப்புறம் அரிசி மில், செக்கு ஆகியவற்றில் ஓடும் பழைய ஆயில் இன்ஜின். அந்தக் கடைசி விஷயம்தான் என்னை அங்கே கூட்டிப் போனது. அந்த மெதுவாக ஓடும் ஆயில் இன்ஜின்களில் வெள்ளை உலோகக் கலவையான வொயிட் மெட்டல் பேரிங்தான் இருக்கும், அதை உருக்கி ஊற்றத் தெரிந்த கை இப்போது நம் பக்கம் அபூர்வம்.

என் வண்டி 1930 ஃபோர்டு மாடல் ஏ, வலது பக்க ஸ்டியரிங். கனடா ஃபோர்டுதான் அந்தக் காலத்தில் இந்தியச் சந்தையைக் கையில் வைத்திருந்தது. 1926இல் பம்பாயில் இந்தியக் கம்பெனியைத் தொடங்கியதும் அவர்கள்தான். இந்த வண்டியை ஒரு எஸ்டேட் பங்களா ஷெட்டிலிருந்து வாங்கினேன். வாங்கியதற்கு ஒரே காரணம், உள்ளே இருந்தது அதனுடைய சொந்த இன்ஜின். நம் ஊரில் இந்த வயது வண்டிகளின் பானட்டைத் திறந்தால் அம்பாசடர் டீசல் சிரிக்கும்.

இந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பட்டறையில் நடந்த சண்டை புரியாது. 3.3 லிட்டர், வால்வுகள் பிளாக்குக்குள்ளேயே பக்கவாட்டில் இருக்கும் ஃப்ளாட்ஹெட், போர் 3.875 அங்குலம், ஸ்ட்ரோக் 4.25 அங்குலம், கம்ப்ரெஷன் வெறும் 4.22. பவர் 2200 ஆர்பிஎம்மில் 40 குதிரை. மாருதி ஆல்ட்டோ 800இன் தம்மாத்துண்டு இன்ஜின் கூட 47 குதிரை தருகிறது என்று சிரிக்கலாம். ஆனால் டார்க்கை, அதாவது இழுக்கும் முறுக்கு விசையைப் பாருங்கள்: மாடல் ஏ ஆயிரம் ஆர்பிஎம்மிலேயே 128 பவுண்டு அடி, அதாவது 170 நியூட்டன் மீட்டருக்கு மேல், ஆல்ட்டோ 3500க்கு முறுக்கினால்தான் 69. பலம் முழுக்கக் குறைந்த வேகத்தில்தான் இருக்கிறது. அந்தப் பலத்தைத் தாங்குவதோ கிராங்கை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டைச் சுமக்கும் மூன்றே மூன்று மெயின் பேரிங், அதுவும் கழற்றி மாற்றக்கூடிய ஷெல் பேரிங் அல்ல, பிளாக்கிலேயே ஊற்றிய வொயிட் மெட்டல். கிராங்கில் சமநிலைக்கான கவுண்டர் வெயிட் கிடையாது. ஆயில் பம்ப் ஆயிலைத் தூக்கி வால்வு சேம்பரில் விடும், அங்கிருந்து அது தானாக வழிந்து மெயின் பேரிங்குக்கு இறங்கும், கனெக்டிங் ராடுகள் அடியில் இருக்கும் தட்டில் முக்கி வாரி அடித்துக்கொள்ளும். இவ்வளவுதான் லூப்ரிகேஷன். ஆயில் ஃபில்டர் என்ற பேச்சே இல்லை.

நான் ஒரு பட்டியலோடு போயிருந்தேன். 6க்கு 1 கம்ப்ரெஷன் ஹெட், இரட்டைக் கார்புரேட்டர், வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் 'சூடான' கேம், எடை குறைத்த ஃப்ளைவீல். அமெரிக்காவில் 1930களிலிருந்தே இந்த நாலு சிலிண்டரை முறுக்கேற்றுவது ஒரு தனிக் கலை. வின்ஃபீல்டு ஹெட், மேலே வால்வு வைக்கும் ரைலி, கிராகர் மாற்றங்கள் என்று படித்துப் படித்து எனக்கும் பித்துப் பிடித்திருந்தது. ஆசான் பட்டியலைப் பார்க்கவே இல்லை. அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, பின் பக்க மெயின் பேரிங்கின் மூடியான கேப்பை இறக்கி, விரலால் ஒரு தட்டுத் தட்டினார். மெட்டல் ஓடு மாதிரி பெயர்ந்து கையில் வந்தது.

"மேல என்ன வேணும்னாலும் வெக்கலாம் தம்பி. கீழ எது தாங்கும்?"

மூன்றாவது ராடைக் கழற்றினால் இன்னும் வேடிக்கை. மெட்டல் தேய்ந்துபோன இடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் தோல் பட்டையை வெட்டித் திணித்திருக்கிறார். பெல்ட்டோ செருப்போ தெரியவில்லை. அதோடுதான் அந்த வண்டி ஷெட் வரை வந்திருக்கிறது.

அடுத்து பிளாக்கில் விரிசல் பார்த்தார். மாடல் ஏ பிளாக்கில் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விரிசல் விடுவது சகஜம், அது இருந்தால் மேற்கொண்டு செலவு செய்வதே வீண். பெரிய மெஷின் எதுவும் இல்லை. மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, துடைத்து, மேலே சுண்ணாம்பைப் பூசிக் காயவிட்டார். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் வெள்ளையில் கோடாகக் கசியும். என் நல்ல நேரம், கோடு விழவில்லை. இது போதாது, காந்தச் சோதனைதான் சரி என்று சொல்பவர்கள் உண்டு, நியாயம்தான். வசதி இருந்தால் அதையும் கோவையில் செய்துவிட்டே கொண்டு போங்கள்.

இப்போது வொயிட் மெட்டல். இந்தப் பட்டறைக்கு நான் மார்க் போடுவதே இதற்காகத்தான், அதனால் நீட்டி எழுதுகிறேன்.

ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர் 1839இல் கொண்டுவந்த உலோகக் கலவை இது. பெரும்பகுதி வெள்ளீயம், கூடக் கொஞ்சம் ஆன்டிமனியும் செம்பும். கிராங்கைவிட மென்மையாக இருப்பதால் ஒரு துகள் உள்ளே வந்தால் தன் உடம்பில் புதைத்துக்கொள்ளும், கிராங்கில் கீறல் விழாது. கடையில் விற்கும் மலிவுச் சரக்கில் காரீயம் அதிகமாகக் கலந்திருக்கும், அது அடி தாங்காது. ஆசான் வெள்ளீயம் அதிகமுள்ள கட்டிதான் வேண்டும் என்று அடம் பிடித்தார், விலை கூடுதல், கொடுத்தேன். வேலையை உடனே ஆரம்பிப்பார் என்று பார்த்தால், "மழை போகட்டும்" என்றார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழை உள்ளே வந்துவிட்டால் இந்தப் பக்கம் துணியே காயாது. அச்சில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் உருகிய உலோகம் பட்டதும் நீர் ஆவியாகி முகத்தில் தெறிக்கும், தெறிக்காவிட்டாலும் உள்ளே குமிழி விழுந்து பேரிங் பஞ்சாகிவிடும். ஆடி முடிகிற வரை பிளாக் ஒரு சாக்குக்கு அடியில் தூங்கியது. அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

ஊற்றிய அன்று பட்டறையில் வேறு வேலை நடக்கவில்லை. ராடுகளுக்கு ஒரு முறை, பிளாக்குக்கு வேறு முறை என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். ராடையும் கேப்பையும் சுத்தமாகக் கழுவி, ஒட்டுவதற்கான ஃப்ளக்ஸ் தடவி, முதலில் வெள்ளீயம் பூசுகிறார்கள். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவார்களே, அதே போல. அந்தப் பூச்சுதான் மேலே ஊற்றும் உலோகத்தை எஃகோடு ஒட்ட வைக்கிறது. பிளாக் வார்ப்பிரும்பு, அங்கே பூச்சு கிடையாது; இருக்கையில் துளைகள் இருக்கின்றன, உலோகம் அவற்றுக்குள் இறங்கி வேர் பிடித்துக்கொள்ளும். பிளாக்கை மெதுவாகச் சூடேற்றி, கிராங்க் இருக்கும் இடத்தில் ஒரு உருளையைப் பொருத்தி, இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்தார்கள். சட்டியில் உலோகம் உருகியதும் ஆசான் ஒரு மரக்குச்சியை நுழைத்து எடுத்தார். குச்சி பழுப்பாகக் கருகினால் பதம், தீப்பற்றினால் சூடு அதிகம். பக்கத்தில் டிஜிட்டல் தெர்மாமீட்டரும் இருந்தது, அவருடைய உதவியாளர் வாங்கி வைத்தது. குச்சி சொன்னதையும் மீட்டர் சொன்னதையும் இருவரும் ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினார்கள். ஒரே வீச்சில், நிறுத்தாமல். நடுவில் நிறுத்தினால் இரண்டு அடுக்காக உறைந்து பிறகு பெயரும்.

ஆறியதும் உலோகம் கொஞ்சம் சுருங்கி இருக்கையிலிருந்து விலகும். அதைச் சுத்தியால் சீராகத் தட்டி மறுபடி இருக்கையோடு அழுத்த வேண்டும். இதைச் செய்யாமல் நேரே போர் அடித்துக் கொடுக்கும் இடங்கள் உண்டு, அங்கே செய்த வேலை ஆயிரம் கிலோமீட்டரில் லூஸாகும். ஆசான் அரை நாள் தட்டினார். அதற்குப் பிறகு லைன் போரிங், மூன்று பேரிங்கும் ஒரே நேர்கோட்டில். கடைசிப் பொருத்தம் கையால்: கிராங்கில் நீல மசியைத் தடவி, உட்கார வைத்துச் சுற்றி, மசி ஒட்டிய மேட்டை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டி, திரும்பத் திரும்ப. கேப்புக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் வைத்து இடைவெளி ஒன்றிலிருந்து ஒன்றரை தௌ, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு. நாளைக்குத் தேய்ந்தால் ஒரு தகட்டை உரித்து எடுத்து மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். ஷெல் பேரிங் மாற்றம் செய்யலாமே என்று கேட்பீர்கள். வெளிநாட்டில் இப்போது பலரும் அதைத்தான் செய்கிறார்கள், நானும் கேட்டேன். "நாளைக்கு ரோட்ல நின்னா ஷெல்லுக்கு அமெரிக்காவுக்கு எழுதணும். இதுக்கு நான் இருக்கேன்" என்றார். அவருக்குப் பிறகு யார் என்று நான் கேட்கவில்லை, மரியாதையாக இருக்காது. உதவியாளர் கற்றுக்கொண்டு வருகிறார் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

கிராங்க் கிரைண்டிங்கும் பேலன்சிங்கும் கோவையில். மில் பாகங்களுக்கும் பம்ப் ரோட்டாருக்கும் பேலன்ஸ் பார்க்கும் இடம் அங்கே எத்தனையோ, அதில் ஒன்றுக்கு ஆசான் தானே தூக்கிக்கொண்டு போனார். கவுண்டர் வெயிட் வைத்து வெல்டு செய்யலாமா என்று நான் இழுத்தபோது, பழைய கிராங்கில் வெல்டு சூடு காட்ட முடியாது என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். ஃப்ளைவீல் மட்டும் பேச்சுவார்த்தைக்கு இடம் கொடுத்தது. கம்பெனி ஃப்ளைவீல் 28 கிலோ சுமார். பந்தயம் ஓட்டுகிறவர்கள் 18 வரை இறக்குகிறார்கள். ஆசான் 21இல் நிறுத்தினார், அதுவும் ஓரத்திலிருந்து மட்டும் கடைந்து. கவுண்டர் வெயிட் இல்லாத கிராங்குக்கு ஃப்ளைவீல் எடைதான் நிதானம், ரொம்பக் குறைத்தால் ஐடிலில் வண்டி குலுங்கும் என்பது அவர் கணக்கு. சரியான கணக்கு.

மேல் பாகம் சீக்கிரம் முடிந்தது, சொல்லவும் அதிகமில்லை. அலுமினிய பிஸ்டன், ஓவர்சைஸ் போர், ஹோனிங். பழைய இரண்டு துண்டு வால்வு கைடுகளைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒரே துண்டு கைடும் நேர்த்தண்டு வால்வும். கேமை, மாடல் ஏவுக்கு அடுத்து வந்த மாடல் பி பாணியில், வால்வு கூடுதலாகத் திறக்கும்படி லிஃப்ட் கூட்டி மறுபடி கிரைண்ட் செய்தார்கள். அப்படிச் செய்யும்போது கேமின் அடிவட்டம் சிறுத்துவிடுவதால் கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் நிற்கும் கம்பெனி டேப்பட் எட்டாது, அட்ஜஸ்ட் செய்யக்கூடிய டேப்பட் வாங்கியாக வேண்டும். ஹெட் மட்டும் அமெரிக்கச் சரக்கு, ஸ்நைடர்ஸ் கடையின் வார்ப்பிரும்பு ஹெட், நான் கேட்ட 6 அல்ல, 5.5. "புது மெட்டலுக்கு இது போதும்" என்றார். பார்ப்பதற்குக் கம்பெனி ஹெட் போலவே இருக்கும். இங்கே ஒரு விஷயம்: 2021இல் வந்த வின்டேஜ் வண்டிப் பதிவு விதி ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு 'விஏ' நம்பர் கொடுக்கிறது, ஆனால் வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. மேல் வால்வு மாற்றம், இரட்டைக் கார்புரேட்டர் என்று கனவு காண்பவர்கள் ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுவிட்டுக் காசை இறக்குங்கள்.

கார்புரேட்டர் பழைய ஜெனித் அப்டிராஃப்டே. இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால், அதனால் கலவை மெலிந்துபோகும். ஜெட்டைக் கொஞ்சம் பெரிதாக்கி, பழைய கார்க், ரப்பர் சமாச்சாரங்களை எல்லாம் மாற்றினார்கள். ஓட்டாமல் வண்டியை நிறுத்தினால் டேங்கை வடித்துவிடச் சொன்னார். டேங்க் டேஷ்போர்டுக்குப் பின்னால், நம் முழங்காலுக்கு மேலேதான் இருக்கிறது, பெட்ரோல் பம்ப் இல்லாமல் தானாக இறங்கும். லீக் என்றால் விளையாட்டல்ல.

இனி கியர் பாக்ஸ். பெருமூச்சு விட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மூன்று கியர், பற்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது, பல்லோடு பல் நேராக நகர்ந்து போய்க் கோர்க்கும் பழைய வகை. விகிதம் முதல் கியர் 3.12, இரண்டாவது 1.85, மூன்றாவது நேர். கிளட்ச்சை இரண்டு முறை மிதிக்கும் டபுள் கிளட்ச் அடிக்காமல் மாற்றினால் ஊரே திரும்பிப் பார்க்கும். எங்களுடையதில் கிளஸ்டர் கியரின் பல் முனைகள் மழுங்கியிருந்தன, லே ஷாஃப்ட் தேய்ந்திருந்தது, பேரிங்குகள் சத்தம். கியர்களை வரவழைத்துக் கொடுத்தேன். பொருத்தினார்கள். வண்டி வெளியே வந்தது. இன்ஜின் பட்டுப்போல ஓடுகிறது, கியர் மாற்றினால் அரைக்கிறது. என்னடா என்று பார்த்தால் உள்ளே ஊற்றியிருந்தது டிராக்டருக்கு வைத்திருந்த 90 நம்பர் ஆயில். இந்தப் பெட்டிக்கு ஃபோர்டு சொன்னது 600வெயிட் என்கிற தேன் போன்ற கெட்டி ஆயில். மெல்லிய ஆயிலில் கிளட்ச் மிதித்த பிறகும் கியர்கள் சுழன்றுகொண்டே இருக்கும், பல் கோர்க்காது. 140ஐ ஊற்றியதும் அரைப்பது பாதிக்கு மேல் அடங்கியது. இதை வண்டி கொடுக்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

அது சின்ன விஷயம். பெரிய விஷயம், இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டால் இரண்டாவது கியர் தானாக வெளியே குதித்தது. சமதளத்தில் இது தொந்தரவு, மலைச்சாலையில் உயிராபத்து, ஏனென்றால் இந்த வண்டியின் பிரேக் ராடு இழுத்து வேலை செய்யும் மெக்கானிக்கல் பிரேக், இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கை நம்பித்தான் வர வேண்டும். ஆசான் ஷிஃப்டர் ஃபோர்க் என்றார், மாற்றினார். ஸ்பிரிங் என்றார், மாற்றினார். புது கியர் சரியில்லை என்றார், மலையாளத்தில். நான் ஃப்ளைவீல் ஹவுசிங்கைப் பாருங்கள் என்றேன். கியர் பாக்ஸ் அந்த ஹவுசிங்கில்தான் மாட்டுகிறது. ஹவுசிங் கோணலாக உட்கார்ந்தால் கியர் பாக்ஸின் ஷாஃப்ட்டும் கிராங்கும் ஒரே கோட்டில் இருக்காது, பல் சாய்வாகக் கோர்க்கும், சுமை மாறும்போது வெளியே தள்ளும். பிளாக்குக்கும் ஹவுசிங்கின் மேல் காதுகளுக்கும் நடுவில் வைக்க ஃபோர்டு ஷிம் கொடுத்திருப்பதே இதற்காகத்தான். பிரித்தபோது அந்த ஷிம்மை யாரோ குப்பையோடு கூட்டித் தள்ளியிருக்கிறார்கள். ஆசான் ஒத்துக்கொள்ளவில்லை, இருபது வருஷமாக ஜீப் கியர் பாக்ஸ் கட்டுகிறேன் என்றார். கடைசியில் உதவியாளர்தான் ஒன்றும் பேசாமல் கிராங்கில் நுண்ணிய கோணலையும் காட்டும் டயல் கேஜை மாட்டி ஹவுசிங் முகத்தைச் சுற்றிக் காட்டினார். 6 தௌக்குள் இருக்க வேண்டியது 14 காட்டியது. ஆசான் கொஞ்ச நேரம் பீடியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஷிம் வெட்டு" என்றார். அதோடு தீர்ந்தது, இன்று வரை குதிக்கவில்லை. அந்த வேலைக்குக் கூலியும் வாங்கவில்லை. ஆனாலும் மூன்று முறை பெட்டியைக் கழற்றி மாட்டியதில் போன நேரம் என்னுடையது, அதற்காகத்தான் பாதி மார்க்.

நெடுஞ்சாலையில் இன்ஜின் வேகத்தைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவ் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: மிட்செல் மாதிரியான ஓவர்டிரைவ்கள் கிடைக்கின்றன, நெடுஞ்சாலையில் மணிக்கு எண்பது ஓட்டுகிறவர்களுக்கு அது வரம். நான் ஓட்டுவது தோப்பு ரோடும் மலையும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய பள்ளம்தான் என் தலைவலி. இரண்டாவது கியரில் இன்ஜினின் முனகல் தாங்காது, மூன்றாவதில் போட்டால் இழுத்துக்கொண்டு திணறும். அந்தத் திணறலைக் குறைப்பதற்குத்தான் இந்த இன்ஜின் வேலையே.

குறைந்ததா? ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. முன்பு இந்த வண்டி முதல் சில வளைவுகளிலேயே கொதித்து நிற்கும் என்று விற்றவரே சொன்னார். இப்போது லோம்ஸ் வியூ இருக்கும் ஒன்பதாவது வளைவு வரை இரண்டாவதிலும், நடுவில் நேராக வரும் துண்டுகளில் மூன்றாவதிலும் போனது, முன்னால் போன தேயிலை லாரியைத் தாண்ட ஆசை வந்தது, தாண்டவில்லை. ஃப்ளைவீல் இளைத்ததன் பலன் கியர் மாற்றும்போதுதான் தெரிகிறது: கிளட்ச்சை விட்ட நடு நொடியில் இன்ஜின் வேகம் சட்டென்று இறங்குவதால் டபுள் கிளட்ச் சுலபமாகிறது. தண்ணீர் கொதிக்கவில்லை, ஆனால் ஸ்டியரிங் இடது பக்கத்தில் இருக்கும், ஸ்பார்க் விழும் நேரத்தை மாற்றும் லீவரில் கவனம் வேண்டும். கம்ப்ரெஷன் கூடியிருப்பதால் ஏற்றத்தில் திணறும்போது ஸ்பார்க்கை ஒரு பல் பின்னால் தள்ளாவிட்டால் டொக் டொக் என்று தட்டும், அந்தத் தட்டு நேராக வொயிட் மெட்டலில் விழும். அதற்காக ரொம்பத் தள்ளினாலும் சூடேறும். காதுதான் மீட்டர். எத்தனை குதிரை கூடியது என்று பவர் அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்க்கவில்லை, அதனால் நம்பர் சொல்ல மாட்டேன். சமதளத்தில் முன்பு அறுபதில் நடுங்கியது, இப்போது எழுபதில் கதவு ஆடாமல் போகிறது. அதற்கு மேல் பிரேக்கை நினைத்துப் பார்த்துக் காலை எடுத்துவிடுவேன்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. பின் பக்க மெயினில் ஆயில் சொட்டுகிறது. ரப்பர் சீல் இல்லாத டிசைன், கொஞ்சம் சொட்டத்தான் செய்யும் என்கிறார் ஆசான். கொஞ்சம் என்பதன் அளவில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. வண்டிக்கு அடியில் பழைய முறுக்கு டின் மூடி ஒன்று நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

காசு விஷயம். இறக்குமதிப் பாகங்கள் நீங்கலாக, கூலி, மெட்டல், கோவையில் செய்த வேலை எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தை ஒட்டி வந்தது. ஹெட், பிஸ்டன், வால்வு, கியர்கள் ஆகியவற்றின் விலையும் சுங்க வரியும் தனி, அது கூலியைவிட அதிகம், வீட்டில் சொன்ன தொகை வேறு. பில் கேட்டால் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதித் தருவார். முன்பணம் மெட்டலுக்கு மட்டும் வாங்கினார். கழற்றிய பழைய பாகம் ஒவ்வொன்றையும், அந்தத் தோல் பட்டை உட்பட, சாக்கில் கட்டித் திருப்பிக் கொடுத்தார். இதை எல்லாப் பட்டறையிலும் எதிர்பார்க்க முடியாது. போன் எடுக்க மாட்டார். போட்டோ அனுப்பச் சொன்னால் உதவியாளர் அனுப்புவார், ஆசான் பார்க்காத நேரத்தில். முடிக்கும் தேதி என்று அவர் சொல்வது ஒரு நல்லெண்ணம் மட்டுமே. தோப்பு என்பதால் நார்த் தூசி காற்றில் பறந்துகொண்டே இருக்கும். இன்ஜின் கூட்டும்போது தார்பாய் கட்டி மறைக்கிறார்கள், திறந்த வால்வு சேம்பரை ஈரத்துணியால் மூடுகிறார்கள், இருந்தாலும் எனக்கு மனசு அடித்துக்கொண்டது. முதல் ஆயிலை நூறு கிலோமீட்டரில் வடிக்கச் சொன்னார், வடித்தேன், தூசி இல்லை, மினுமினுப்பும் இல்லை. ஃபில்டர் இல்லாத இன்ஜின் என்பதால் அதன் பிறகும் எண்ணூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றம். புது ஹெட் பேக்கிங் உட்கார்ந்த பிறகு, இன்ஜினைச் சூடாக்கி ஹெட் நட்டுகளை 55 பவுண்டு அடிக்கு மறுபடி இறுக்க வேண்டும், இதை அவரே கூப்பிட்டுச் செய்துகொடுத்தார்.

போவதாக இருந்தால் மழை முடிந்து, ஓணத்துக்குப் பிறகு போங்கள். பிளாக்கை மட்டும் கொண்டு போகாதீர்கள். கிராங்க், ராடுகள், கேப்புகள், ஃப்ளைவீல் ஹவுசிங், கிளட்ச், கியர் பாக்ஸ் எல்லாம் ஒன்றாகப் போகட்டும், கேப்புகளுக்கு நம்பர் குத்திவிடுங்கள், ஹவுசிங் ஷிம் இரண்டையும் கழற்றியவுடன் உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆயில் டின்னையும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், 140. வேலை நடக்கும்போது கேள்வி கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார், வொயிட் மெட்டல் சட்டி அடுப்பில் இருக்கும்போது மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.